அச்சணந்தியின் தாயார்

சின்னமனூர் என்று சொன்னால் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? தாம்பூலப் பிரியர்களுக்கு வெற்றிலைக் கொடிக்கால் ஞாபகம் வரும். சனி பகவானுக்குப் பயந்தவர்களுக்குப் பக்கத்திலிருக்கும் குச்சனூர் ஞாபகம் வரும். அந்தப் பக்கத்திலே பெண் கொடுத்தவர்களுக்கும் பெண் எடுத்தவர்களுக்கும் முல்லையாற்றுத் தண்ணீரும், நெல் வயலும், வாழைத் தோட்டமும் ஞாபகம் வரும். சரித்திரப் புத்தகத்தை ஒரு தடவையாவது புரட்டியவர்களுக்கோ, சின்னமனூர்ச் செப்பேடுகள்தான் முதலில் ஞாபகம் வரும்.

அந்தச் செப்பேடுகள் பாண்டிய ராஜாக்கள் கொடுத்தவை. பெரிய செப்பேடு இராஜசிம்ம பாண்டியன் காலத்தது. பத்தாம் நூற்றாண்டின் தொடக்கம். ஒரு கிராமத்தைத் தானம் கொடுத்த சங்கதியைச் சொல்ல வந்த பத்திரம் அது. நம் காலத்து சப் ரிஜிஸ்திரார் ஆபீஸாக இருந்தால் நாலு எல்லையைக் குறித்து, சாட்சிக் கையெழுத்து வாங்கி, ரசீது கொடுத்து அனுப்பிவிடுவார்கள். பாண்டியனா அப்படி விடுவான்? எங்கள் குலத்தார் கடலைக் கடைந்து அமுதம் எடுத்தார்கள், இமயமலையிலே கயல் பொறித்தார்கள், அகத்தியரோடு தமிழ் ஆராய்ந்தார்கள், மகாபாரதத்தைத் தமிழாக்கினார்கள், மதுரையிலே சங்கம் வைத்தார்கள் என்று வடமொழியிலும் தமிழிலுமாக முப்பாட்டன், முப்பாட்டனுக்கு முப்பாட்டன் பெருமைகளையெல்லாம் பாடித் தீர்த்த பிறகுதான் கொடுத்த நிலத்தின் பேச்சுக்கே வருகிறான். அவனைப் பெற்ற தாயார் வானவன்மாதேவியின் பெயரும் அதிலே உண்டு. சேர நாட்டு ராஜகுமாரி அவள்.

இத்தனை பெருமை பேசிய இராஜசிம்மன் பிற்பாடு பராந்தக சோழனிடம் தோற்று, இலங்கைக்கு ஓடி, கிரீடத்தை அங்கேயே விட்டுவிட்டு, கடைசியில் தாய் வீடான கேரளத்துக்குப் போய்ச் சேர்ந்தான் என்பது இலங்கைச் சரித்திரம் சொல்லுகிற தனிக் கதை. அது இன்னொரு வாரத்துக்கு இருக்கட்டும்.

இந்த வாரம் நாம் பார்க்கப் போகிறவர் ராஜா அல்ல. சின்னமனூரில் பஸ் ஏறித் தெற்கே போனால் பத்துக் கிலோமீட்டருக்குள் உத்தமபாளையம் வந்துவிடும். ஊருக்கு வெளியே ஒரு பாறை இருக்கிறது. அடிவாரத்தில் கருப்பணசாமி குடியிருப்பதால் கருப்பணசாமி பாறை என்று பெயர். அந்தக் காலத்தார் அதைத் திருக்குணகிரி என்று சொன்னார்கள். பாறையின் முகத்திலே வரிசை வரிசையாகச் சமணத் தீர்த்தங்கரர்களின் உருவங்களைப் புடைப்பாகச் செதுக்கியிருக்கிறார்கள். ஆடை இல்லை, ஆபரணம் இல்லை. தலைக்கு மேலே முக்குடை. அவர்களிலே பாம்பு படமெடுத்துக் குடை பிடிக்க நிற்கிறவர் பார்சுவநாதர். அவரை மட்டும் குழந்தைகூட அடையாளம் சொல்லிவிடும்.

உருவங்களோடு சில எழுத்துக்கள். நமக்குத் தெரிந்த தமிழ் எழுத்தல்ல, வட்டெழுத்து. ஓலையிலே ஆணி ஓட்டினால் கை எப்படி வளையுமோ அப்படி வளைந்து வளைந்து ஓடுகிற எழுத்து. பாண்டிய நாட்டிலே சோழர்கள் வந்து மாற்றுகிற வரைக்கும் அதுதான் வழக்கு. 1905-ஆம் ஆண்டிலே அரசாங்கக் கல்வெட்டு இலாகாவினர் இந்த எழுத்துக்களைப் படியெடுத்தார்கள். சடையமாறன் என்ற பாண்டியன் காலத்திலே திருக்குணகிரித் தேவருக்கு விளக்கெரிக்கக் கொடுத்த தருமம் அதில் இருக்கிறது. அரிட்டநேமிப் பெரியார் என்று ஒரு துறவியின் பெயர் இருக்கிறது. இன்னொரு பெயரும் இருக்கிறது: அச்சணந்தி.

பெயர்தான் இருக்கிறது. கடல் கடைந்த கதை இல்லை. எந்த ஊரில் பிறந்தார், தகப்பனார் யார், எப்போது துறவு பூண்டார், எங்கே உடலை விட்டார் என்ற விவரம் ஒன்றுமே கிடையாது.

'அச்சணந்தி' என்றதும் அச்சத்தோடு முடிச்சுப் போட்டுவிடாதீர்கள். வடமொழியிலே 'ஆரிய' என்ற மரியாதைச் சொல், சமணர்கள் பேசிய பிராகிருதத்திலே 'அஜ்ஜ' என்று ஆகும். அதைத் தமிழ்ப்படுத்தினால் 'அச்ச'. ஆக, ஆரியநந்தி என்பதுதான் பெயர். 'நந்தி' என்று முடிவது அவர்களுடைய துறவிகளில் ஒரு பெரிய பரம்பரையைக் காட்டும். கி.பி. 470-லே மதுரையில் வச்சிரநந்தி என்பவர் திராவிட சங்கம் என்ற ஒரு துறவியர் சங்கத்தை நிறுவினார் என்று தர்சனசாரம் என்ற பழைய சமண நூல் சொல்லுகிறது.

எழுத்தின் வடிவத்தை வைத்து அச்சணந்தியை எட்டு, ஒன்பதாம் நூற்றாண்டுக்காரர் என்கிறார்கள். ஒன்பதாம் நூற்றாண்டு என்பவர்களே அதிகம். அந்தக் காலத்திலே சமணத் துறவிகளில் பெரியவர்களுக்குப் படாரர், அடிகள், குரவர், பெரியார் என்றெல்லாம் பட்டம். ஒரு பள்ளிக்கு அவர்தான் தலைவர். மாணாக்கர்களுக்கு ஆசிரியர், துறவிகளுக்குத் தீட்சை கொடுப்பவர், சுற்றுவட்டாரத்து இல்லறத்தாருக்கு நல்லது கெட்டது சொல்லுகிறவர். கிறிஸ்தவர்களிடையே பிஷப் என்கிறோமே, நம் கத்தோலிக்கர்கள் பழைய வழக்கில் மேற்றிராணியார் என்பார்களே, ஏறக்குறைய அந்த ஸ்தானம். ஒரு வித்தியாசம் உண்டு. பிஷப்புக்கு மோதிரமும் செங்கோலும் நிலமும் நீச்சும் இருக்கும். இவருக்கு ஒரு மயிற்பீலி, ஒரு நீர்க்கரகம். உடுத்தத் துணிகூடக் கிடையாது.

பிஷப் என்று சொன்னேன் அல்லவா? அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிஷம் கடல் தாண்டிப் போய் வருவோம். அதே ஒன்பதாம் நூற்றாண்டிலே இங்கிலாந்தில் வின்செஸ்டர் நகரத்திலே ஸ்விதன் என்று ஒரு பிஷப் இருந்தார். 852-லே பதவிக்கு வந்து சுமார் பத்து ஆண்டுகள் இருந்து 863-லே காலமானார். 860-லே கடற்கொள்ளைக்காரர்கள் வந்து அந்த நகரத்தைச் சூறையாடினார்கள் என்பதால் நிம்மதியான உத்தியோகம் என்று சொல்ல முடியாது. அவர் வாழ்ந்த காலத்து ஆதாரம் என்று தேடினால் பிஷப்பாக அவர் செய்த பிரமாணமும், சில சாசனங்களில் சாட்சியாக அவர் பெயரும்தான் தேறும். நம் அச்சணந்திக்கு அண்ணன் தம்பி மாதிரி!

ஆனால் பிறகு நடந்ததைப் பாருங்கள். நூறு வருஷம் கழித்து, 971-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 15-ந் தேதி, கோவிலுக்கு வெளியே புதைத்திருந்த அவருடைய எலும்புகளை எடுத்து உள்ளே கொண்டுவந்து வைத்தார்கள். அன்று முதல் அற்புதங்கள் ஆரம்பித்துவிட்டன. குருடருக்குப் பார்வை வந்தது, முடவர் நடந்தார் என்று லாந்திரெட் என்ற துறவி ஒரு புத்தகமே எழுதினார். பிறகு வந்தவர்கள் இன்னும் சேர்த்தார்கள். பாலத்தின் மேலே ஓர் ஏழைப் பெண் முட்டைக் கூடையோடு போனாளாம். கூட்டத்திலே இடிபட்டு முட்டையெல்லாம் உடைந்ததாம். ஸ்விதன் கையை உயர்த்தி ஆசீர்வதித்ததும் உடைந்த முட்டைகள் ஒட்டிக்கொண்டனவாம். "வழிப்போக்கர் கால் என் மேல் பட வேண்டும், மழைத்துளி என் மேல் விழ வேண்டும், என்னை வெளியிலேயே புதையுங்கள்" என்று அவர் கேட்டுக்கொண்டதாகவும் கதை. அவரை உள்ளே கொண்டு போனதற்குக் கோபித்துக்கொண்டு வானம் பொழிந்தது என்பார்கள். ஜூலை 15-லே மழை பெய்தால் தொடர்ந்து நாற்பது நாள் பெய்யும் என்று அங்கே சொலவடை. வின்செஸ்டரில் ஸ்விதனுக்கு ஒரு லாந்திரெட் கிடைத்தார். உத்தமபாளையத்தில் அச்சணந்திக்கு யாரும் கிடைக்கவில்லை.

கிடைக்காமல் போனதும் ஒரு விதத்தில் நல்லதுதான் என்று எனக்குத் தோன்றுவது உண்டு. கதை கட்டுகிறவர் யாரும் நடுவிலே புகுந்து நம் கண்ணை மறைக்கவில்லை. ஒரு தேசப்படத்தை எடுத்து அச்சணந்தியின் பெயர் இருக்கிற இடங்களிலெல்லாம் ஒரு குங்குமப் பொட்டு வைத்துக்கொண்டே வாருங்கள். மதுரைக்குக் கிழக்கே ஒத்தக்கடைக்கு அருகில் ஆனைமலை. அங்கே ஒரு பொட்டு. அழகர்மலை, அங்கே ஒரு பொட்டு. மேலூர்ப் பக்கம் கருங்காலக்குடி. மதுரைக்கு மேற்கே கொங்கர் புளியங்குளம், சமணமலை. கம்பம் பள்ளத்தாக்கிலே உத்தமபாளையம். திருநெல்வேலிச் சீமையில் நாங்குனேரிக்குத் தெற்கே ஏர்வாடி. கன்னியாகுமரி மாவட்டத்திலே திருச்சாரணத்து மலை என்ற சிதறால். வடக்கே வேலூர்ப் பக்கத்திலே வள்ளிமலையிலும் பாலசந்திர படாரரின் மாணாக்கர் அச்சணந்தி என்று ஒருவர் உருவம் செதுக்கச் செய்திருக்கிறார். இருவரும் ஒருவர்தான் என்பது பலருடைய கருத்து. அது சரியானால் வள்ளிமலையிலிருந்து சிதறாலுக்குச் சாலை வழியே 600 கிலோமீட்டருக்குக் குறையாது. வண்டி ஏறக் கூடாது, குதிரை ஏறக் கூடாது, காலிலே செருப்பு மாட்டக் கூடாது என்று விரதம் பூண்ட மனிதர். அத்தனை பொட்டுக்களையும் கோடு போட்டு இணைத்தால் கிடைப்பது ஒரு ஜீவிய சரித்திரம். அதை அவர் காலால் எழுதியிருக்கிறார்.

இந்தக் கோடு உத்தமபாளையத்துக்கு ஏன் வளைகிறது என்று கேட்கலாம். மதுரையிலிருந்து மலைநாட்டுக்குப் போகிறவர்களுக்கு இந்தப் பள்ளத்தாக்குதான் வாசல். கூடலூர் தாண்டிக் குமுளி மலை ஏறினால் சேர நாடு. மிளகுப் பொதி இறங்குகிற வழியிலே வியாபாரி இருப்பான். வியாபாரி இருக்கிற இடத்திலே அந்தக் காலத்தில் சமணர் இருப்பார்கள். உயிர்க்கொலை ஆகாது என்பதால் ஏர் பிடிப்பதைவிடத் தராசு பிடிப்பதே அவர்களுக்குச் சௌகரியம்.

உடனே ஒரு கேள்வி எழும். உங்களில் சைவப் பெரியவர்கள் யாராவது மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "ஏனய்யா, ஞானசம்பந்தர் மதுரைக்கு வந்து வாது வென்று, கூன்பாண்டியன் நின்றசீர் நெடுமாறனாகி, சமணம் அத்தோடு தொலைந்து போகவில்லையா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. அது ஏழாம் நூற்றாண்டின் சங்கதி. தோற்ற சமணர் எண்ணாயிரவர் கழுவேறினார்கள் என்பதை நமக்கு விஸ்தாரமாகச் சொல்லுகிற பெரியபுராணமோ பன்னிரண்டாம் நூற்றாண்டு. அந்த வழக்கிலே நான் யார் பக்கமும் வக்காலத்துப் போடப் போவதில்லை. ஆனால் நடுவிலே ஒரு சாட்சி எழுந்து நிற்கிறார். நெடுமாறனுக்குச் சுமார் இருநூறு வருஷம் பிந்தி, அதே மதுரையைச் சுற்றியே, பட்டப்பகலிலே, ஊரார் பார்க்க, உளிச் சத்தம் கேட்க ஒரு சமண முனிவர் மலை மலையாக ஏறித் தீர்த்தங்கரர் உருவம் செதுக்கச் செய்திருக்கிறார். ஒளிந்து வாழ்ந்தவருடைய காரியமா இது?

ஆனைமலைக்கே போய்ப் பாருங்கள். 770-ஆம் ஆண்டிலே பாண்டியனுடைய மந்திரி மாறங்காரி அந்த மலையைக் குடைந்து நரசிங்கப் பெருமாளுக்குக் கோவில் எடுத்தான். முடிக்கும் முன்னே இறந்து போனான். தம்பி மாறன் எயினன் முடித்து வைத்தான். அதே மலையின் இன்னொரு முகத்திலே அச்சணந்தியின் பெயரோடு சமணத் திருமேனிகள். அந்தத் திருமேனிகளைச் சும்மா விட்டுவிடவில்லை. நாட்டுக் கணக்கெழுதும் கரணத்தாரும், வரி இலாகாவைச் சேர்ந்த திணைக்களத்தாரும் ஆளுக்கொன்றாகத் தங்கள் காவலிலே வைத்துக்கொண்டதாக எழுத்து இருக்கிறது. கவனியுங்கள்: கணக்குப்பிள்ளைகள்! அரசாங்க உத்தியோகஸ்தன் எந்தக் காலத்திலும் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துத்தான் கையெழுத்துப் போடுவான். அவனே பெயரை வெட்டிக்கொண்டான் என்றால் அன்றைக்குப் புயல் ஓய்ந்திருந்தது என்றுதானே அர்த்தம்?

பழனிக்கு அருகே ஐவர்மலை என்று ஒரு குன்று. அங்கே சாந்திவீரக் குரவர் என்ற துறவி பழைய பார்சுவநாதர் உருவத்தையும் யட்சிகளின் உருவங்களையும் புதுப்பித்து, பூஜைக்கும் அடிகள் ஒருவருக்குச் சோற்றுக்குமாக 505 காணம் பொன் வைத்தார். வரகுண பாண்டியனின் எட்டாவது ஆட்சியாண்டு, சகம் 792 என்று வருஷத்தோடு எழுதியிருக்கிறது, கி.பி. 870. வின்செஸ்டரில் ஸ்விதன் கண் மூடி ஏழு வருஷம். மாணிக்கவாசகர் பாடிய வரகுணன் இவன்தானா என்று அறிஞர்கள் வாதாடுகிறார்களே, அந்த வரகுணன்தான். சிவபக்தனுடைய ராஜ்யத்தில் சமண மலைக்குப் பொன் போயிருக்கிறது.

அச்சணந்தியிடம் பொன் கிடையாது. வைத்துக்கொள்ளவும் கூடாது. பல இடங்களிலே "அச்சணந்தி செயல்" என்று எழுதியிருக்கிறதென்றால், அவர் கையிலே உளி பிடித்தார் என்றோ மடியிலிருந்து காசு அவிழ்த்தார் என்றோ அர்த்தமில்லை. ஊருக்குள் நடந்து போய், நின்றபடியே ஒருவேளை பிட்சை வாங்கி, பொழுது சாய்வதற்குள் உண்டு முடித்து, கேட்கிறவர்களுக்கு நாலு வார்த்தை சொல்லி, சொன்ன வார்த்தையால் ஒரு செட்டியாருடைய பெட்டியையோ ஒரு குடியானவனுடைய குதிரையோ திறக்க வைத்து, அந்தக் காசுக்குத் தச்சனைத் தேடிப் பிடித்து, பாறையைக் காட்டி, முக்குடை இப்படி, சாமரம் வீசுகிறவன் அப்படி என்று அளவு சொல்லி, வேலை முடிகிறவரை அருகிலிருந்து, பிறகு எழுந்து அடுத்த மலைக்கு நடந்தார் என்று அர்த்தம். கல்லுக்குக் கூலி கொடுத்தவர்கள் பலர். கொடுக்கச் செய்தவர் ஒருவர்.

அவர் நடக்காத காலமும் உண்டு. மழைக்காலம் நான்கு மாதமும் சமண முனிவர் ஊர் விட்டு ஊர் போகக் கூடாது. ஈரம் பட்டதும் பூச்சியும் புழுவும் புல்லும் முளைத்துவிடும். கால் வைத்தால் ஓர் உயிர் போகும். ஆடி பிறக்கிற சமயத்தில் எங்கே இருக்கிறாரோ அங்கே தங்கிவிட வேண்டும். ஆனிக் கடைசி என்பது ஜூலை 15-ந் தேதி அல்லவா? அங்கே ஸ்விதனின் மழை ஆரம்பிக்கிற நாளை ஒட்டி இங்கே அச்சணந்தியின் நடை நிற்கும்! கம்பம் பள்ளத்தாக்கின் ஆடிக் காற்று எப்படிப்பட்டது என்று அந்தப் பக்கத்தாருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. குமுளிக் கணவாயிலிருந்து இறங்குகிற காற்று வேட்டியைப் பிடுங்கிக்கொண்டு போகும். கூடவே சாரல். போர்த்திக்கொண்டு படுத்தாலே பல் கிட்டும். போர்த்த ஒன்றுமில்லாத மனிதர் ஒரு பாறைக் குடைவிலே அந்தச் சாரலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பாருங்கள். அவர் உத்தமபாளையத்தில் ஒரு மழைக்காலம் முழுக்கத் தங்கினார் என்று எந்தக் கல்லும் சொல்லவில்லை. எங்கோ ஒரு மலையில் ஆண்டுதோறும் அப்படித் தங்கியிருப்பார் என்பதை மட்டும் அவருடைய சமயத்தின் விதி சொல்லுகிறது.

கதை எழுத ஆள் கிடைக்கவில்லை என்று முன்னே சொன்னேன். ஆனால் பெயருக்கு மட்டும் ஓர் அதிர்ஷ்டம் அடித்தது. திருத்தக்கதேவர் இயற்றிய சீவகசிந்தாமணியிலே சீவகனுக்கு எழுத்தும் வில்லும் சொல்லிக் கொடுத்த ஆசிரியர் யார் தெரியுமா? அச்சணந்தி! அவருக்கு அங்கே ரசமான ஒரு முற்கதை உண்டு. அவர் வித்தியாதரர்களின் ராஜாவாக இருந்தவர். எவ்வளவு தின்றாலும் அடங்காத யானைத்தீ என்ற பசிநோய் அவரைப் பற்றிக்கொண்டது. பிள்ளையாக இருந்த சீவகன் தன் கையால் கொடுத்த சோற்றைத் தின்றதும் பசி தணிந்தது. அந்த நன்றிக்கு அவனுக்குக் குருவானார். காவியத்து அச்சணந்தி வேறு, கல்லிலே இருக்கிற அச்சணந்தி வேறு. வடமொழிக் கதையிலும் அந்த ஆசிரியருக்கு ஆரியநந்தி என்றே பெயர். ஆனாலும் அந்தக் காவியத்தைக் கேட்ட பாண்டிய நாட்டார் அந்தப் பெயர் வந்த இடத்திலே ஒரு கணம் மலைப் பக்கம் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்களா என்று எனக்கு ஓர் ஆசை.

காலப்போக்கில் மலைகளிலே முனிவர்கள் இல்லாமல் போனார்கள். படிக்க ஆள் இல்லாமல் வட்டெழுத்தும் போயிற்று. ஆனால் உருவங்களை நம் ஜனங்கள் அநாதையாக விட்டுவிடவில்லை. தங்களுக்குத் தெரிந்த பெயரை வைத்தார்கள். துறவிகள் படுத்த கற்படுக்கைகள் பஞ்ச பாண்டவர் படுக்கைகளாயின. சிதறாலில் பகவதி வந்து அமர்ந்தாள். சமணமலையிலே ஒரு குகைக்குள் இருக்கும் பெரிய தீர்த்தங்கரர், வசதியான தோற்றமும் நீண்ட காதுமாக இருக்கக் கண்டு, செட்டியார் என்றே தீர்மானித்து அந்தக் குகைக்குச் செட்டிப்புடவு என்று பெயர் வைத்துவிட்டார்கள். உத்தமபாளையத்திலே கருப்பணசாமி காவலுக்கு வந்தார். கருப்பருக்குக் கிடா வெட்டு உண்டு, அவருக்குப் பின்னாலே பாறையில் நிற்கிறவர்களோ எறும்பை மிதிக்கவும் அஞ்சியவர்கள் என்று சிரிப்பவர்கள் சிரிக்கலாம். ஆனால் கருப்பர் இருக்கிற இடத்திலே கல்லுடைக்கக் கை வைக்க எவனுக்கும் துணிவு வராது. மதுரைச் சுற்றுப்புறத்திலே எத்தனை குன்றுகள் கல் குவாரியாகிக் காணாமல் போயின என்பதை நினைத்தால், அந்தக் காவல்காரருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வருவதுதான் முறை.

இனி, தலைப்பிலே சொன்ன அம்மாளிடம் வருகிறேன்.

சின்னமனூரிலிருந்து தேனி, உசிலம்பட்டி வழியாக மதுரைக்கு வருகிற பஸ் செக்கானூரணி தாண்டி நாகமலைப் பக்கம் வரும்போது வலக்கைப் பக்கமாகச் சமணமலை தெரியும். அதன் அடியிலே கீழக்குயில்குடி. தாமரைக் குளம், ஆலமரம், அய்யனார் கோவில். அதன் பின்னாலே பாறையில் வெட்டிய படிகளில் ஏறினால் பேச்சிப்பள்ளம் என்ற இடம். ஒரு சுனை, அதன் ஓரமாகப் பாறையிலே வரிசையாகத் திருமேனிகள், ஒவ்வொன்றின் கீழும் செய்வித்தவர் பெயர். வெண்புநாட்டுக் குறண்டியிலே அப்போது ஒரு பெரிய சமணப் பள்ளி இருந்தது. அந்தப் பள்ளியைச் சேர்ந்தவர்கள் பெயர்கள் அங்கே இருக்கின்றன. எல்லோரும் தங்களை இன்னார் மாணாக்கர், இன்னார் மாணாக்கரின் மாணாக்கர் என்றுதான் சொல்லிக்கொள்கிறார்கள். துறவிக்குத் தாய் தந்தை ஏது? தலைமயிரைக் கையாலே பறித்துப் போட்டு, வீட்டையும் பேரையும் உறவையும் அதனோடு பறித்துப் போட்டுவிட்டு வந்தவர்கள். குரு ஒருவர்தான் உறவு.

அந்த வரிசையிலே ஒரு திருமேனியின் கீழே இருக்கிற எழுத்து, அதைச் செய்வித்தது அச்சணந்தியின் தாயார் குணமதியார் என்று சொல்லுகிறது.

எழுத்தைப் படித்துக் காட்டினால் முதலில் ஒன்றும் தோன்றாது. பிறகுதான் ஒவ்வொன்றாகத் தோன்றும். அச்சணந்தி என்பது துறவுக்குப் பின் வந்த பெயர். அவள் தொட்டிலிலே போட்டு அழைத்த பெயர் அது அல்ல. ஒரு காலத்திலே அந்தப் பிள்ளை வாசல்படி இறங்கிப் போயிருக்கிறான். அவள் நின்று பார்த்திருக்கிறாள். அவன் ஊருக்குள் பிட்சைக்கு வந்தாலும் அவளுக்கென்று தனியாக வந்து நிற்கக் கூடாது. அவள் கையால் வாங்கினாலும் அம்மா என்று கூப்பிடக் கூடாது. விதி அப்படி. மகன் செய்வித்த திருமேனிகள் மலை மலையாக இருக்கின்றன. எதிலும் அவள் பெயர் இல்லை; இருக்கவும் கூடாது.

குணமதி என்ற பெயரைப் பார்த்து, அவளும் பிற்பாடு துறவு பூண்டிருக்கலாம் என்று ஊகிக்கலாம். சமணத்தில் பெண்கள் துறவிகளாகவும் ஆசிரியைகளாகவும் இருந்தார்கள். கழுகுமலையிலே குரத்தியார் என்ற பட்டத்தோடு அவர்கள் பெயர்கள் கொள்ளை கொள்ளையாக இருக்கின்றன. இவளுக்கு அந்தப் பட்டம் எழுதவில்லை. அந்தக் காலத்துக் கல்வெட்டிலே பெண் பெயர் வந்தால் பெரும்பாலும் இன்னார் மகள், இன்னார் மணவாட்டி என்று வரும். அதுவும் எழுதவில்லை. ஊர் இல்லை, கணவன் பெயர் இல்லை, குருவின் பெயர் இல்லை. முதலிலே ஒரு ஸ்ரீ, கடைசியிலே ஒரு ஸ்ரீ. நடுவிலே மகன் பெயரும் தாயார் என்ற வார்த்தையும் அவள் பெயரும் திருமேனி செய்வித்த செய்தியும்தான்.

கூலி கொடுத்தவள் அவள். என்ன எழுத வேண்டும் என்று கற்தச்சனுக்குச் சொல்லியிருப்பவளும் அவள்தான். பக்கத்திலே இருக்கிறவர்களெல்லாம் குருவின் பெயரை வெட்டச் சொன்னபோது, அவள் மகன் பெயரை முன்னாலே வெட்டச் சொல்லி, அதை ஒட்டித் "தாயார்" என்று வெட்டச் சொன்னாள். தச்சன் அப்படியே வெட்டினான்.